வேம்பு ஒன்பதின் நிறுவி

ஜூலை 6, ஞாயிறு

இந்த டைரியைப் பூங்கொடி அவ்வப்போது புரட்டுகிறாள் என்று எனக்குத் தெரியும். புரட்டட்டும். ஆனால் புரட்டிவிட்டு ஒன்றும் புரியவில்லை என்று அலுத்துக்கொள்கிறாள். அதனால் இந்த முறை விளக்கமாகவே எழுதுகிறேன்.

வேம்பு என்பது நாங்கள் சில பேர் சேர்ந்து செய்துவரும் லினக்ஸ் வழங்கல். கணினியை இயக்கும் மென்பொருள், எழுத, படிக்க, கணக்குப் போடத் தேவையானவை எல்லாம் ஒரே கட்டாக, இலவசமாக. யாருக்கும் சம்பளம் கிடையாது. பகலில் நான் ஒரு பம்பு கம்பெனியின் கணினிகளைக் கட்டி மேய்க்கிறேன். வேம்பு அதிகாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும். ஒன்பதாம் பதிப்பு அக்டோபர் நடுவில் வெளிவர வேண்டும். அதில் என்னென்ன மாற்றுவது என்று இன்று காணொளியில் கூடிப் பேசினோம்.

என் மாற்றம் புதிய நிறுவி. நிறுவி என்றால் வேம்பைப் பென் டிரைவிலிருந்து கணினிக்குள் ஏற்றி வைக்கிற நிரல். பழையது கறுப்புத் திரையில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும்; ரேஷன் கடைக்காரர் மாதிரி, ஒன்றுக்குப் பதில் சொன்னால்தான் அடுத்தது. என்னுடையது ஒரே பக்கம். ஹார்ட் டிஸ்க் முழுவதும் வண்ணப் படமாக விரியும். எங்கே வேம்பு, எங்கே பழைய கோப்புகள் என்று இழுத்து விட்டால் முடிந்தது. இரண்டு வருட உழைப்பு. அழகாக இருக்கிறது. சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாற்றத்தைக் கொண்டுவருகிறவரே அதற்குத் திரும்பும் வழியையும் சொல்ல வேண்டும்: சரிப்படாவிட்டால் பழையபடி ஆக்குவது எப்படி என்று. செப்டம்பர் 14 உறைவு நாள். அதற்குப் பிறகு புதிதாக எதையும் சேர்க்க முடியாது, பிழை திருத்தலாம், அவ்வளவுதான். திரும்புவதா வேண்டாமா என்று அன்று கொண்டுவந்தவரே வாய்திறந்து சொல்வார். ஓட்டெடுப்பு கிடையாது. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் பரீதா. திருச்சியில் கல்லூரிப் பேராசிரியை. வெளியீட்டுப் பொறுப்பு அவருடையது.

"பழைய நிறுவி என்னாகும்?" என்றார் பரீதா.

"எடுத்துடலாங்க. ரெண்டையும் வச்சுப் பாக்கறதுக்கு ஆளில்லீங்க."

"திரும்பும் வழி?"

"சரிப்படலீன்னா பழசையே மறுக்கா வச்சுக்கலாங்க."

சவரிமுத்து சார் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். திண்டுக்கல் பக்கம் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துக்கொண்டு எங்களையெல்லாம்விட வேகமாகக் கணினி ஓட்டுவார். வேம்பு ஒவ்வொரு பதிப்பையும் முதலில் போட்டுப் பார்த்துத் திட்டுகிறவர் அவர்தான்.

"எல்லாரும் அழகா இருக்குங்கிறாய்ங்க. எனக்கு எல்லா நிறுவியும் ஒரே அழகுதேன். பேசுமா தம்பி?"

"பேசுங்க சார்."

"அப்பச் சரி."

மறுப்பு யாரும் சொல்லவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஜூலை 13, ஞாயிறு

எட்டு மாதக் குழந்தை உள்ள வீட்டில் வேலை செய்வது ஒரு கலை. மிக்சி ஓடக்கூடாது, காலிங் பெல் கழற்றியாகிவிட்டது, என் கணினியின் ஒலியை நிரந்தரமாக அணைத்துவிட்டேன். நிறுவியை நான் நிஜக் கணினியில் சோதிப்பதில்லை. கணினிக்குள்ளேயே ஒரு பொய்க் கணினியை உருவாக்கி அதில் ஓட்டுகிறேன்; நூறு முறை அழித்தாலும் நஷ்டமில்லை. சோதனைகள் தாமாக ஓடி, சரியென்றால் பச்சை காட்டும்.

இன்று எல்லாம் பச்சை. பேசும் மென்பொருளுக்கான சோதனையும் பச்சை.

ஜூலை 27, ஞாயிறு

புனேயிலிருந்து மின்னஞ்சல். நவம்பரில் அங்கே நடக்கும் கட்டற்ற மென்பொருள் மாநாட்டில் புதிய நிறுவியைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். வேம்பு ஒன்பது வெளிவந்து, அதில் நிறுவி இருந்தால் என்பது நிபந்தனை. இருக்கத்தானே போகிறது.

பெரிய விஷயம் இல்லை. மாநாட்டுக்கும் என் வேலைக்கும் சம்பந்தம் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சோதனைப் பதிப்பு வெளியானது. மாலைக்குள் பாராட்டு வந்து குவிந்தது. ஒரு நூலகர், இதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல் இருக்கிறது என்று எழுதியிருந்தார். அதை இரண்டு முறை படித்தேன்.

கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. நாளை டவுன்ஹால் கடைவீதிக்குப் போய் வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மதியம் கம்பெனியில் இருந்தபோது சவரிமுத்து சார் கூப்பிட்டார்.

"தம்பி, ஒம்ம நிறுவி கோவிச்சுக்கிருச்சா?"

"ஏனுங்க சார்?"

"ஒரு வார்த்தை பேசமாட்டேங்குது. நேத்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒக்காந்தேன். காபி ரெண்டு தடவை ஆறிப்போச்சு. ஊமையா இருக்கு."

அவருடைய லேப்டாப் பழையது, ஸ்பீக்கர் போயிருக்கலாம் என்றேன். அதே லேப்டாப்பில் எட்டாம் பதிப்பு வாயாடுகிறது என்றார். இங்கே சோதனை பச்சை என்றேன்.

"பச்சையா? அது எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியாதே தம்பி" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். கோபம் வந்தது. நிச்சயம் அவர் லேப்டாப்தான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அவர் லேப்டாப் இல்லை.

நான் எழுதிய சோதனை, பேசும் மென்பொருள் ஓடுகிறதா என்றுதான் பார்க்கிறது. ஓடுகிறது. சத்தம் வருகிறதா என்று பார்ப்பதில்லை. பொய்க் கணினிக்கு நான் சவுண்ட் கார்டே கொடுக்கவில்லை. ஜூலை முழுக்க அது யாருக்கும் கேட்காத குரலில் பேசிக்கொண்டிருந்திருக்கிறது, நான் பச்சையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்படி ஒரு தவறை நிரல் எழுதுகிற என் இனத்தார் மட்டுமே செய்ய முடியும்.

நிறுவி எழுந்த பிறகுதான் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும் சேவை எழுகிறது. வரிசையை மாற்றினால் போதும். பூங்கொடி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போன நேரத்தில் பழைய லேப்டாப் ஒன்றில் போட்டுச் சோதித்தேன். பேசியது. கூடத்தில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சார் மறுபடி போட்டுப் பார்த்தார். பேசுகிறதாம். என்ன பேசுகிறது என்பதுதான் சிக்கல்.

"படம்ங்குது. அடுத்த சாவியத் தட்டுனா அதுக்கும் படம்ங்குது. அப்பறம் பொத்தான், பொத்தான். எந்தப் படம், எதுக்குப் பொத்தான்? குருட்டாம்போக்குல தட்டுறதுக்கு நான் எதுக்கு, யாரு வேண்ணாலும் தட்டலாமே."

என் அழகான ஹார்ட் டிஸ்க் படம் பேசும் மென்பொருளுக்கு வெறும் படம். ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் இழுத்து விடுவதை வாயால் எப்படிச் சொல்வது? அந்தப் பக்கத்தையே வேறு மாதிரி யோசித்து எழுத வேண்டும். உறைவு நாளுக்குள் நடக்காது.

இன்னொன்றும் சொன்னார். அக்டோபர் கடைசியில் அவர் ஒரு பட்டறை வைத்திருக்கிறார். பார்வையில்லாத ஆசிரியர்கள் பல ஊர்களிலிருந்து திண்டுக்கல் வருகிறார்கள். ஒரு அறக்கட்டளை அவர்களுக்குப் புது லேப்டாப் கொடுத்திருக்கிறது. எட்டாம் பதிப்பு அவற்றில் ஓடாது, ஒன்பதுதான் ஓடும். அவரவர் கணினியில் அவரவரே வேம்பை ஏற்றுவது என்று ஏற்பாடு. உதவிக்குப் பார்வையுள்ளவர் யாரும் அறைக்குள் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

ஏற்பாட்டை எங்களைக் கேட்காமல் செய்தது அவர் தவறு. இருந்தாலும் ஏதாவது செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

துண்டுகளுக்குப் பெயர் வைத்தேன். இப்போது "படம் ஒன்று, படம் இரண்டு" என்கிறது. முன்னேற்றம்தான்.

புனேக்கு ரயில் டிக்கெட் போட்டேன். பிறகு கிடைக்காது என்பதற்காக. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

செப்டம்பர் 3, புதன்

சார் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். கம்பெனியில் தணிக்கை நடப்பதால் எடுக்க முடியவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

எடுத்தேன். யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். நிறுவுவது ஒரே ஒரு முறை செய்கிற வேலை. அதற்கு மட்டும் பார்வையுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுத்துவிட்டால், பிறகு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்ளலாம். பத்தாம் பதிப்பில் நிச்சயமாகச் சரிசெய்துவிடுகிறேன் என்றேன்.

அவருக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"எங்க வீட்டுல நாலு பேருக்கு நல்லாக் கண்ணு தெரியும் தம்பி. கூப்பிட்டா வருவாக. கேக்கத் தெரியாம இல்ல."

"அப்புறம் என்னங்க சார்?"

"நிறுவி கடைசில என்ன கேக்கும்? பாஸ்வேர்ட் கேக்கும். அத யாரு தட்டுவா? பக்கத்துல இருக்கறவுகதேன். தட்டிட்டு, சார், இதுதேன் ஒங்க பாஸ்வேர்ட்னு எனக்குச் சொல்லுவாக. நான் எடுத்த கேள்வித்தாளு அதுல இருக்கு. என் பொண்டாட்டிக்கு எழுதுனது அதுல இருக்கு. நீங்க ஒங்க பாஸ்வேர்ட அடுத்தவுககிட்டச் சொல்லிப் போடுவீகளா?"

பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்றேன்.

"மாத்தலாம்" என்றார். "வீட்டுச் சாவிய ஊர்க்காரங்கிட்டக் குடுத்துட்டு, பொறவு பூட்ட மாத்திக்கிரலாம்."

கோபமே படவில்லை அவர். வகுப்பில் பாடம் சொல்கிற குரல். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பட்டிருப்பேன். இது மாநாட்டைப் பற்றிய விஷயம் இல்லை. இரண்டு வருட உழைப்பு. மாநாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

நீங்க சொன்னமாதிரி புனேக்குன்னு நீலச் சட்டையத் தேய்க்கக் குடுத்து வாங்கி வச்சிருக்கறேன். நவம்பருக்கு இப்பவே எதுக்குன்னு கேக்கலை. சம்பந்தம் இல்லைன்னு மூணு தடவை எழுதியிருக்கறீங்க. இந்தத் தடவை எல்லாம் புரிஞ்சுது. பூ.

செப்டம்பர் 10, புதன்

மேலே உள்ளது என் கையெழுத்து இல்லை. அதைப் பற்றி நானும் அவளிடம் பேசவில்லை, அவளும் என்னிடம் பேசவில்லை. காலையில் அரிசிம்பருப்புச் சோறு கட்டிக் கொடுத்தாள்.

பரீதாவிடம் பேசினேன். இரண்டு நிறுவிகளையுமே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டேன்.

"வச்சுக்கலாம்" என்றார். "ரெண்டையும் சோதிக்க ஆள் இருக்கா?"

இருப்பது நான் ஒருவன். ஆளில்லை என்று ஜூலையில் சொன்னதும் நான்தான். சோதிக்காமல் ஒன்றை உள்ளே தள்ளினால் அது வெளிவரும்போதே கெட்டிருக்கும். கெட்டிருப்பது பழையதாகத்தான் இருக்கும்.

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை உங்களைக் கேப்பேன், வெள்ளியங்கிரி. ஒரு தடவைதான் கேப்பேன்."

அந்த அம்மா தன் அபிப்பிராயத்தைச் சொல்லவே மாட்டார். அது எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

செப்டம்பர் 13, சனி

குழந்தை தூங்கியதும் பழைய லேப்டாப்பை எடுத்தேன். விசைப்பலகையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். ஒலியைக் கொஞ்சமாகத் திறந்தேன். பூங்கொடியைத் திரைக்கு முன்னால் உட்காரச் சொல்லி, வாயைத் திறக்கக்கூடாது என்று சொன்னேன். அந்தப் பக்கத்தை இழுக்காமல் விசைகளாலும் ஓட்டலாம்; எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றையும் அங்கே வைத்தவனே நான்தான். நாளை கூட்டத்தில், நானே பார்க்காமல் நிறுவிக் காட்டினேன் என்று சொல்லலாம் என்பது என் திட்டம்.

படம் ஒன்று, படம் இரண்டு, பொத்தான், பொத்தான். முதல் சில அடிகள் சரியாகத்தான் போயின. நடுவில் ஒரு முறை விசையை இரண்டு தடவை தட்டினேனா, ஒரு தடவையா என்று சந்தேகம் வந்தது. பின்னால் போனேன். அது "பொத்தான்" என்றது. எந்தப் பொத்தான்? சுவரில் காலண்டர் ஆணி மட்டும் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். திரும்பவில்லை. சரி, இதுதான் என்று என்டரைத் தட்டினேன்.

பூங்கொடியின் இருக்கை கிறீச்சிட்டது.

"என்னாச்சு?" என்றேன்.

"பேசலாமுங்களா?"

"பேசு."

"பழைய கோப்பு எல்லாம் இருந்துதில்லீங்க, நீலக் கட்டம். அது மேலயே போய் உக்காந்துக்கிச்சு. அழிச்சுட்டு இருக்குது."

அந்தக் கட்டத்தில் சோதனைக்காக வைத்த குப்பைக் கோப்புகள்தான். நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு அவமானமாக இருந்தது. இருக்கையின் சத்தம்தான் தவறு, அதனால்தான் கவனம் சிதறியது என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். சத்தம் என்டருக்குப் பிறகு வந்தது என்று அவள் சொல்லவில்லை. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச எழுந்து போனாள்.

திண்டுக்கல் அறையில் இதே பக்கத்துக்கு முன்னால் அத்தனை ஆசிரியர்கள் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அவர்களுக்குத் திரும்பிப் பார்க்கும் வசதியும் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

உறைவு நாள். கூட்டம்.

ஒவ்வொரு மாற்றமாகப் பரீதா கூப்பிட்டார். வேம்பின் கருவான கெர்னலின் புதிய பதிப்பு, இருக்கிறது. புதிய எழுத்துருக்கள், இருக்கின்றன.

"நிறுவி?"

"திரும்பிக்கலாங்க. பழசு" என்றேன்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பரீதா குறித்துக்கொண்டு அடுத்த மாற்றத்துக்குப் போனார். சவரிமுத்து சார் கூட்டத்தில் இருந்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. நன்றி சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன். இரண்டு வருடம். வலிக்கத்தான் செய்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

புனேக்கு எழுதிவிட்டேன். உடனே பதில் வந்தது: புரிந்துகொள்கிறோம், அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம். டிக்கெட்டை ரத்து செய்தேன்.

மாநாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருந்தது. இதை யாரும் எழுதச் சொல்லவில்லை, நானே எழுதுகிறேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பழையதை மறுபடி வைப்பது என்றால் அலமாரியில் இருந்து எடுத்து வைப்பதுபோல என்று நினைத்திருந்தேன். புதிய கெர்னலோடு அது ஒத்துப்போக மறுக்கிறது. ஜூலையில் நான் எவ்வளவு உற்சாகமாக அதைப் பிடுங்கி எறிந்தேன் என்பதற்கு ஒவ்வொரு கோப்பும் சாட்சி. தினமும் காலையில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதை எழுதியவர் யாரோ, அலங்காரம் என்ற சொல்லே கேள்விப்படாதவர். ஆனால் ஒரு கேள்விக்கு ஒரு பதில்; எங்கே இருக்கிறோம் என்ற சந்தேகமே வராது. எரிச்சலோடுதான் ஒப்புக்கொள்கிறேன்.

பொய்க் கணினிக்குச் சவுண்ட் கார்டு கொடுத்தாயிற்று. சோதனை இப்போது சத்தத்தைப் பதிவு செய்து, அதில் குரல் இருந்தால்தான் பச்சை காட்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்னும் சிவப்பு. குழந்தைக்குச் சளி.

அக்டோபர் 9, வியாழன்

பச்சை. சவரிமுத்து சாருக்கு அனுப்பினேன். மாலையில் ஒரு வரி வந்தது: "திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வருத்தமாக இருக்கிறது."

அக்டோபர் 15, புதன்

வேம்பு ஒன்பது வெளியானது. புதியவை பற்றிய அறிவிப்பில் நிறுவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாறாத ஒன்றைப் பற்றி எதற்கு எழுதுவது? ஒருவர், இந்தக் காலத்திலும் இந்தக் கறுப்புத் திரையா என்று கருத்திட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்து, நீளமாக எழுதி, அழித்துவிட்டேன்.

தீபாவளிக்குப் பூங்கொடி நீலச் சட்டையைத்தான் போட்டுக்கொள்ளச் சொல்கிறாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

காலையில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். பதினோரு மணிவாக்கில் சவரிமுத்து சார் கூப்பிட்டார். கை ஈரமாக இருந்ததால் பூங்கொடி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் ஒரே இரைச்சல். அறை நிறையக் கணினிகள், எல்லாம் ஒரே கேள்விகளை ஆளுக்கொரு நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தன. ஒன்று மொழியைக் கேட்டது, ஒன்று ஊரைக் கேட்டது. நடுவில் ஒரு பெண் குரல் "எனக்கு முன்னாடியே வந்துருச்சு" என்றது. யாரோ யாரையோ கிண்டல் செய்தார்கள்.

"சார், எப்படிப் போகுதுங்க?" என்றேன்.

"இருங்க தம்பி. கடைசிக் கேள்விக்கு வந்துட்டாக."

பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பாஸ்வேர்ட் தட்டும்போது பேசும் மென்பொருள் எழுத்தைச் சொல்லாது; திரையில் எழுத்துக்குப் பதிலாக விழும் உடுக்குறியை (*) மட்டும்தான் சொல்லும். ஒரு மூலையில் ஒரு கணினி "நட்சத்திரம்" என்றது. இன்னொன்று "நட்சத்திரம்" என்றது. பிறகு அறை முழுக்க, வேகமாகவும் மெதுவாகவும், நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம்.

"என்னங்க எல்லாம் அதையே சொல்லுது?" என்றாள் பூங்கொடி மெதுவாக.

"பாஸ்வேர்ட் போடறாங்க" என்றேன்.

"என்னன்னு போடறாங்க?"

"தெரியாது" என்றேன். "யாருக்கும் தெரியாது."